பாரிஸில் இரு தூதர்கள்: பிராங்க்ளினா, ஆடம்ஸா?

அமெரிக்க விடுதலைக்குப் பிரான்ஸின் துணையைப் பெற்றுத் தந்ததில் பெஞ்சமின் பிராங்க்ளினுக்கே முதலிடம் தருவேன். 1776 டிசம்பரில் அங்கே போய் இறங்கியபோது அவருக்கு வயது 70. இடிதாங்கியைக் கண்டுபிடித்தவர் என்ற புகழ் முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. மென்மயிர்த் தொப்பியும் சிரித்த முகமுமாக விருந்துகளில் வலம்வந்தபடி காத்திருந்தார். சரடோகா போரில் அமெரிக்கர்கள் ஆங்கிலேயரை வென்ற செய்தி வந்தது. 1778 பிப்ரவரி 6 அன்று கூட்டணி ஒப்பந்தம் கையெழுத்தானது. 1781இல் போரின் முடிவைத் தீர்மானித்த யார்க்டவுன் முற்றுகையில் ஆங்கிலேயரின் கடல்வழியை அடைத்தது பிரெஞ்சுக் கப்பற்படைதான்.

ஜான் ஆடம்ஸ் வந்து சேர்ந்ததோ ஒப்பந்தம் முடிந்த பிறகு. வேலையில் கறார், பேச்சில் வெட்டு ஒன்று, துண்டு இரண்டு. பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் வெர்ஜென் ஒரு கட்டத்தில் அவரோடு பேசவே மறுத்துவிட்டார். பிராங்க்ளினைச் சோம்பேறி என்று ஆடம்ஸ் குறைகூறியதில் கொஞ்சம் பொறாமையும் இருந்திருக்கும். ஆனாலும் 1782இல் டச்சுக்காரர்களிடம் 50 லட்சம் கில்டர் கடன் வாங்கியவர் ஆடம்ஸ். அதற்கு அந்தப் பிடிவாதம்தான் வேண்டியிருந்தது.