ஆக்ஸிலேட்டர் மிதிச்சா வண்டி திணறுதா? ஃப்யூயல் பம்ப் மாத்த ஓகே சொல்றதுக்கு முன்னாடி இதப் படிங்க

பெட்ரோல் கார் வெச்சிருக்கவங்க கொஞ்சம் பொறுமையா படிங்க மக்களே, வயித்தெரிச்சல்ல எழுதுறேன், நீளமாத்தான் வரும்.

என் வண்டில பிரச்சனை இதுதான். ஒரே ஸ்பீடுல போனா ஒண்ணும் தெரியாது, ஆனா ஓவர்டேக் பண்ணலாம்னு மிதிச்சா ஒரு செகண்ட் அப்படியே செத்துப் போகும், அப்புறம் திடீர்னு ஒரு ஜெர்க் குடுத்து இழுக்கும். எதிர்ல லாரி வரும்போது அந்த ஒரு செகண்ட் என்ன பாடு படுத்தும்னு அனுபவிச்சவங்களுக்குத்தான் தெரியும். கூடவே செக் என்ஜின் லைட்டும் எரிய ஆரம்பிச்சிருச்சு.

ஒர்க்‌ஷாப்ல விட்டேன். ஸ்கேனர் மாட்டினாங்க, பி0171னு கோட் வந்துச்சு. அவ்ளோதான், சர்வீஸ் அட்வைசர் பேனாவ எடுத்துட்டாரு. "ஃப்யூயல் பம்ப் வீக் சார், ஆக்சிஜன் சென்சாரும் போயிருச்சு, அப்படியே பிளக் நாலையும் மாத்திரலாம்". பம்ப் பிரஷர் எவ்ளோ வருதுன்னு கேட்டேன். "அதெல்லாம் பாத்தாச்சு சார்"னாரு. எவ்ளோன்னு கடைசி வரைக்கும் வாயில வரல.

பி0171னா என்ன அர்த்தம்னு தெரிஞ்சுக்கோங்க. என்ஜினுக்குள்ள போற காத்துக்குத் தேவையான பெட்ரோல் இல்ல, கலவை லீனா இருக்கு, ஈசியு (என்ஜின கட்டுப்படுத்துற கம்ப்யூட்டர்) தன்னால முடிஞ்ச அளவு பெட்ரோல கூட்டிப் பாத்தும் சரி வரலங்கிறதுதான் அந்தக் கோட். எந்த பார்ட் போச்சுன்னு அது சொல்லாது. பெட்ரோல் கம்மியா வரலாம், காத்து திருட்டுத்தனமா உள்ள போகலாம், ஏர் ஃப்ளோ சென்சார் அழுக்காகி காத்த கம்மியா கணக்கு காட்டலாம். கலவை லீனா இருக்குன்னு சொன்னதே அந்த ஆக்சிஜன் சென்சார்தான், அத மாத்துறது காய்ச்சல் அடிக்குதுன்னு தெர்மாமீட்டர மாத்துற கதை.

சரி, ஓகே சொன்னேன், எல்லாத்தையும் மாத்தியாச்சுன்னு வண்டி திரும்ப வந்துச்சு. லைட் எரியல, ஆனா மிதிச்சா அதே திணறல். "புது பார்ட்ஸ் செட் ஆகணும் சார், கொஞ்சம் ஓட்டிப் பாருங்க"ன்னாங்க. புது பிளக்கு எதுக்கு செட் ஆகணும்? ஸ்கேனர்ல கோட அழிச்சா லைட் போயிரும், ஆனா கோளாறு அங்கயேதான் இருக்கும். இந்த மாதிரி கோட் பெரும்பாலான வண்டில அடுத்தடுத்து ரெண்டு ஓட்டத்துல ஃபால்ட் தெரிஞ்சாதான் திரும்ப லைட்ட போடும், அந்த இடைவெளிலதான் இவங்க பில்ல வசூல் பண்றாங்க. எதிர்பார்த்த மாதிரியே லைட் வந்துச்சு. திரும்பப் போனா இப்ப இன்ஜெக்டராம் (என்ஜினுக்குள்ள பெட்ரோல பீச்சுற பார்ட்), அதுவும் சரி வரலன்னா ஈசியுவே மாத்தணுமாம். வண்டிய எடுத்துட்டு வந்துட்டேன்.

அடுத்து ஒரு பழைய மெக்கானிக் கிட்ட போனேன். அவரு ஒரு ஸ்பேனர் கூட எடுக்கல, முதல்ல என்ஜின் ஓடும்போதே ஸ்கேனர்ல வர்ற லைவ் டேட்டாவதான் பாத்தாரு. ஐடில்ல, அதாவது மிதிக்காம என்ஜின் சும்மா ஓடும்போது, லாங் டெர்ம் ஃப்யூயல் ட்ரிம் (ஈசியு வழக்கத்த விட எவ்ளோ பெட்ரோல் கூட்டுதுங்கிற கணக்கு) 20 சதவீதத்துக்கு மேல நிக்குது, 2500 ஆர்பிஎம்ல பிடிச்சு வெச்சா இறங்குது. "பம்ப் வீக்னா இதுக்கு நேர் எதிரா இருக்கும் தம்பி, லோடு ஏற ஏறத்தான் ட்ரிம் ஏறும். இது காத்து லீக்கு"ன்னாரு. சொல்லிட்டு ஏர் ஃபில்டர்ல இருந்து த்ராட்டில் பாடிக்கு (மிதிக்கிறதுக்கு ஏத்த மாதிரி காத்த உள்ள விடுற வால்வு) போற ரப்பர் ஹோஸ கழட்டி, மடிப்பு மடிப்பா இருக்கும்ல அந்த இடத்த வளைச்சு என்கிட்ட நீட்டினாரு. அடிப்பக்க மடிப்புல விரலளவு விரிசல். மேல இருந்து பாத்தா சத்தியமா தெரியாது. ஐடில்ல நூல் அளவுதான் திறந்திருக்கும், ஆனா அப்ப என்ஜின் இழுக்கிற காத்தே கம்மிங்கிறதால அதுவே பெரிய பங்கு; மிதிச்சதும் என்ஜின் மவுண்ட்ல ஒரு சாய்வு சாயும்ல, அப்ப வாயப் பொளந்துக்கும். ஏர் ஃப்ளோ சென்சாரத் தாண்டி வர்ற காத்துங்கிறதால ஈசியு கணக்குலயே அது வராது, சரியா மிதிக்கிற நேரம் பாத்து கலவை லீனாகும். திணறல் வந்தது அதனாலதான்.

இதோட முடிஞ்சிருந்தா தெரியாம மாத்திட்டாங்கன்னு விட்டிருப்பேன். அவரு சும்மா இருக்காம "பம்ப் எது போட்டிருக்காங்கன்னு பாப்போம்"னு பின் சீட்ட தூக்கினாரு, என் வண்டில பம்ப் மூடி அங்கதான் இருக்கு. மூடி மேல கனமா புழுதி, ஒரு கைரேகை கிடையாது. ஸ்க்ரூ தலைல இருக்கிற துரு கூட கலையல. தொடவே இல்லைங்க! பில்லுல மட்டும் புது பம்ப், அத மாட்டினதுக்கு லேபர் வேற. புழுதியோடயே போட்டோ எடுத்து வெச்சேன். பழைய பம்ப் எங்கன்னு கேட்டா ஸ்க்ராப்ல போட்டுட்டாங்களாம்.

ஹோஸ் மாத்தி கோட அழிச்சதுக்கு அப்புறம் ட்ரிம் ஒத்த இலக்கத்துக்கு வந்துருச்சு, திணறல் சுத்தமா இல்ல.

உங்க வண்டிலயும் இதேதான்னு நான் சொல்லல. பம்ப் நிஜமாவே போகும், ஃபில்டர் அடைக்கும், த்ராட்டில் பாடில கார்பன் ஏறும். ஆனா பம்ப்புன்னு சொன்னா கேஜ் மாட்டி, ரேஸ் பண்ணும்போது பிரஷர் விழுதான்னு உங்க கண்ணு முன்னாடி காட்டச் சொல்லுங்க. லீக் சந்தேகம்னா ஸ்மோக் டெஸ்ட் இருக்கு, காத்து போற வழிக்குள்ள புகைய விட்டா எங்க வெளிய வருதோ அங்க ஓட்டை. ஏர் ஃப்ளோ சென்சார கிளீன் பண்றேன்னு கார்புரேட்டர் கிளீனர எடுத்தா தடுத்துருங்க, அதுக்குன்னு தனி ஸ்ப்ரே இருக்கு, உள்ள இருக்கிற கம்பி ரொம்ப மெல்லிசு. இன்னொண்ணு, லைட் நிலையா எரியாம விட்டு விட்டு மின்னினா அது மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டர்ல பெட்ரோல் சரியா எரியல, அதோட ஓட்டிட்டே போனா புகைய சுத்தம் பண்ற கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் காலி. முக்கியமா, கழட்டின பழைய பார்ட் வேணும்னு வண்டி விடும்போதே ஜாப் கார்டுல எழுத வெச்சிருங்க.

ஒர்க்‌ஷாப்காரங்க இப்ப என்ன சொல்றாங்கன்னா, வண்டிய கொண்டு வாங்க, நாங்களே திறந்து பாத்து சொல்றோம்ங்கிறாங்க. திறந்துட்டா அந்தப் புழுதி எங்க இருக்கும்? நீங்க பம்ப் வாங்கின பில்லையும் அதோட பார்ட் நம்பரையும் முதல்ல அனுப்புங்கன்னு எழுத்துல கேட்டிருக்கேன். இதுவரைக்கும் பதில் இல்ல.