கூரையா, படுவான்கரைக் காணியா?

மட்டக்களப்பில் சோலாரில் காசு போட நினைப்பவருக்கு இரண்டு வழி. வாவிக்குக் கிழக்கே, எழுவான்கரையில் அரிசி ஆலைக் கூரை ஒன்றைப் பேசிப் பனல் பூட்டலாம். இல்லையென்றால் வாவி தாண்டி மேற்கே, படுவான்கரையில் காணி பிடிக்கலாம். வெயில் இரண்டு கரைக்கும் ஒன்றுதான், தொல்லை வரும் திசைதான் வேறு.

கூரைக்குக் கொழும்பிலிருந்து வரும். கூரை மின்சாரத்துக்கு மின்சார சபை கொடுக்கும் விலை 2016இல் யூனிட்டுக்கு முதல் 7 வருடம் 22 ரூபாய், பிறகு 13 வருடம் 15.50 என்று தொடங்கியது. நெருக்கடிக்குப் பின் 37 வரை ஏறி, 2024இல் 27 ஆகி, 2025இல் இன்னும் இறங்கியது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவருக்குப் பயமில்லை. வங்கிக் கடனுக்கு அலைகிறவருக்குத்தான் வயிற்றில் புளி. விலை நின்றாலும் மின்சாரத்தை வாங்க வேண்டுமே? 2025 சித்திரைப் புத்தாண்டில் தொழிற்சாலைகள் மூடிக் கிடக்க, பிற்பகல் 3 மணிவரை கூரைச் சோலாரை நிறுத்தி வைக்கும்படி மின்சார சபை கேட்டுக்கொண்டது. ஊர் ட்ரான்ஸ்போமரில் இடம் இருக்கிறதா என்பதையும் முதலே விசாரிக்க வேண்டும்.

காணியின் கதை நீளம். ஒரு மெகாவாட்டுக்கு நாலைந்து ஏக்கர் தேவை. வயல் என்றால் 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் குறுக்கே நிற்கும். அனுமதி இல்லாமல் நிரப்ப முடியாது. அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பெர்மிட் காணி என்றால், காணிக்காரர் தலையாட்டினால் போதாது, பிரதேச செயலாளரும் ஆட்ட வேண்டும். காட்டோரமாக இருந்தால் வன இலாகா, சில இடங்களில் மகாவலி அதிகாரசபை, தொல்லியல் என்று வரிசை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே பூசாரிகள் நாலைந்து பேர். அதிலும் 2024 பொதுத்தேர்தலில் ஆளுங்கட்சி தோற்ற ஒரே மாவட்டம் இது. அமைச்சு சொல்லும் 'சரி'யும் ஊர் சொல்லும் 'சரி'யும் ஒன்றென்று நினைத்து இறங்கக் கூடாது.

கடைசியில் மாடு. மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரைக்காகப் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் வீதிக்கு வந்தார்கள். அந்தச் சூட்டில் வேலி போட வருகிற எவரையும் சனம் சந்தேகத்தோடுதான் பார்க்கும், அதில் பிழையும் இல்லை.

என் கணக்கில் கூரைதான். விலை குறைந்தால் லாபம் சுருங்கும், அவ்வளவே. காணி பிசகினால் போட்ட முதலே போய்விடும். உறுதிப் பத்திரம் உள்ள, பிரச்சினையில்லாத மேட்டுக் காணி கிடைத்தால் மட்டும் யோசிக்கலாம். அதையும் ஆடியில் பார்த்து முடிவெடுக்காதீர்கள், அப்போது வெறுந்தரையாகத் தெரியும். பெரும்போக விதைப்பு தொடங்கும் ஐப்பசியில் ஒரு விடியற்காலை போய் நில்லுங்கள், வட்டையிலிருந்து, அதாவது வயல்வெளியிலிருந்து, கிளப்பிய மாடுகளை எந்தப் பக்கம் சாய்த்துப் போகிறார்கள் என்று தெரியும்.