மட்டாஞ்சேரிக் கடையா, மும்பை ஏல நிறுவனமா?

"அக்கா, சம்பளம் எவ்வளவு வரும்னு மட்டும் சொல்லுங்க, மத்ததை நான் பாத்துக்கிறேன்" என்கிறாள் சித்தி மகள். பி.ஏ. வரலாறு முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறாள். எங்களுக்குப் பாலக்காட்டை ஒட்டிய சித்தூர்ப் பக்கம் (ஆந்திராச் சித்தூர் இல்லை). வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம். பாட்டியின் வெற்றிலைச் செல்லம் ஆக்ரி (பழைய சாமான்) வண்டியில் எடைக்குப் போனதைப் பார்த்த நாளிலிருந்து அவளுக்குப் பழம்பொருள் பித்து. நான் கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு பழம்பொருள் கடையில் இரண்டு வருஷம், அப்புறம் மும்பையில் ஒரு ஏல நிறுவனத்தில் ஐந்து வருஷம் இருந்தவள். அதனால் இந்தத் தொழிலில் எந்த வேலைக்குப் போகலாம் என்ற கேள்வி என்னிடம் வந்தது.

சம்பளத்திலிருந்து தொடங்கினால் இந்தத் தொழில் புரியாது. உன் கண் ஏமாந்தால் யார் பணம் போகும்? அதைக் கேட்டால் கடை, ஏல நிறுவனம், அருங்காட்சியகம் என்ற மூன்று வழிகளும் தனித்தனியாகத் தெரியும்.

கடையில் போவது முதலாளியின் பணம். உன் சொந்தக் கடை என்றால் உன் பணம். கல்பாத்தி, நெம்மாரா, கொல்லங்கோடு பக்கம் ஒரு பழைய வீட்டை இடித்தால் தூண், கதவு, வார்ப்பு, உருளி போன்ற பெரிய பாத்திரங்கள் எல்லாம் ஆக்ரிக்காரரிடமிருந்து புரோக்கருக்கும், அவரிடமிருந்து மட்டாஞ்சேரி யூதத் தெருவுக்கும் நகரும். ஒவ்வொரு கையிலும் ரொக்கம் மாறும். பொய்ச்சரக்கு என்று பிறகு தெரிந்தால் திருப்பிக் கொடுக்க ஆள் கிடைக்காது. அந்தப் பயத்தில்தான் கண் கூர்மையாகும்.

நான் வேலை கற்ற இடத்தில் ஒரு நெட்டூர்ப் பெட்டி வந்தது. தலசேரிப் பக்கத்து நெட்டூரின் பெயரைத் தாங்கிய நகைப்பெட்டி அது. கூரை போலச் சரிந்த மூடி, ஈட்டி மரம், பித்தளைப் பூண். நான் பூண் வேலையைப் பார்த்து மயங்கி நின்றேன். முதலாளி பெட்டியைக் கவிழ்த்து அடிப்பலகையைத்தான் முதலில் பார்த்தார். பிறகு பூட்டுத் துவாரத்தை. சாவிக்கொத்து பல வருஷம் உரசியிருந்தால் துவாரத்துக்குக் கீழே மரத்தில் பிறை மாதிரி ஒரு தேய்மானம் விழும். அந்தப் பெட்டியில் பித்தளை பழசு, கீல் பழசு, பிறை மட்டும் இல்லை. "பூணு பழசு, பெட்டி போன வருஷத்துது" என்றார். ஐந்து வருஷ ஏல வேலையில் இதைவிட நல்ல பாடம் எனக்குக் கிடைக்கவில்லை.

கடையின் கஷ்டம் வேறு. ஒரு மச்சுப் பலகை மூன்று வருஷம் விற்காமல் இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும், முதலும் அதோடு கிடக்கும். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பொருள் தொல்பொருள் கணக்கில் வரும். சுவடி போன்றவற்றுக்கு 75 வருஷமே போதும். இவற்றை விற்க உரிமம் வேண்டும், தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. ஆகவே வெள்ளைக்காரப் பயணி சட்டப்படி வீட்டுக்குக் கொண்டுபோகும் "பழங்காலச் சாமான்" நூறு வயசுக்குக் குறைந்ததாகவோ புதுசாகச் செய்ததாகவோதான் இருக்க முடியும். நல்ல கடைக்காரர் இதை வாயைத் திறந்து சொல்லிவிடுவார். எல்லாரும் சொல்வதில்லை.

ஏல நிறுவனம் பொதுவாகச் சரக்கை வாங்குவதில்லை. பொருள் விற்பவருடையது. நிறுவனம் அவரிடம் கமிஷன் எடுக்கும், வாங்குபவரிடமும் சுத்தியல் விலைக்கு (ஏலம் முடிந்த விலைக்கு) மேல் ஒரு விகிதம் எடுக்கும். அது 20 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், ஒரு லட்சத்துக்கு ஏலம் போன படத்துக்கு வாங்கியவர் வரி போக 1,20,000 கொடுப்பார். இங்கே வல்லுநர் பந்தயம் வைப்பது தன் பெயரை. இன்னார் வரைந்தது, இன்னாருடையதாகக் கருதப்படுவது, இன்னாரைப் பார்த்து வரைந்தது என்று கேட்டலாக்கில் மூன்று விதமாக எழுதலாம். ஒரு சொல் மாறினால் விலை பல மடங்கு மாறும்.

தொலைபேசியில் அடிக்கடி வரும் வாக்கியம், "எங்க வீட்ல ஒரிஜினல் ரவி வர்மா இருக்கு." இருக்கும், அச்சுப்படமாக. அவர் 1894-இல் பம்பாயில் தொடங்கிய அச்சகத்துப் படங்கள் வீட்டுக்கு வீடு போயின. லென்ஸை வைத்தால் கல்லச்சின் (லித்தோ அச்சின்) ஒழுங்கில்லாத பொடிப் புள்ளிகள் தெரியும். பிற்காலக் காலண்டர் படம் என்றால் புள்ளிகள் வரிசைகட்டி நிற்கும். படத்தின் அடி விளிம்பில் அச்சகத்தின் பெயர் இருக்க வேண்டும். ஃபிரேம் போட்டவர் பெரும்பாலும் அதை நறுக்கியிருப்பார். நறுக்காமல் இருந்தால் மதிப்பு கூடும். அசல் எண்ணெய் ஓவியம் வேறு உலகம். 2023-இல் அவருடைய யசோதை-கிருஷ்ணன் ஓவியம் மும்பையில் 38 கோடிக்குப் போனது. அவர் படைப்புகள் தேசியக் கலைச்செல்வம், நாட்டை விட்டு வெளியே போகக் கூடாது. ஆக அந்த விலை முழுக்க முழுக்க உள்நாட்டுப் போட்டியில் ஏறியது.

பார்ப்பதும் எழுதுவதும் பாதி வேலைதான். மீதிப் பாதி சரக்கை வரவைப்பது. சாவு, கடன், பாகப்பிரிவினை: இந்த மூன்றில் ஒன்று நடந்தால்தான் நல்ல பொருள் வெளியே வரும். துக்க வீட்டில் உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டு, சுவரைப் பார்க்காத மாதிரி பார்க்கத் தெரிய வேண்டும். எனக்கு இரண்டாம் வருஷம் ஒரு அடி விழுந்தது. அண்ணன் ஒருவர் கொண்டுவந்த வெள்ளிச் சாமான்களை "குடும்பச் சொத்து" என்றே எழுதினேன். கேட்டலாக் அச்சாகி வந்த பிறகு தங்கையிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. ஏலத்துக்கு இரண்டு நாள் முன்பு எல்லாவற்றையும் எடுத்துவிட்டோம். வெள்ளி நல்ல வெள்ளிதான். யார் யார் கையெழுத்து வேண்டும் என்று நான்தான் கேட்கவில்லை.

பொருள் யார் யார் கை மாறி வந்தது என்பதில் பெரிய இடங்களும் சறுக்கியிருக்கின்றன. அரியலூர்ப் பக்கத்து ஸ்ரீபுரந்தான் கோயில் நடராஜரை ஆஸ்திரேலியாவின் தேசிய கலைக்கூடம் 2008-இல் 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியது. கோயிலில் திருடியது என்று தெரிந்து 2014-இல் திருப்பிக் கொடுத்தது. உலோகச் சிலை என்று யாராவது போன் செய்தால் முதலில் தொல்பொருள் பதிவுச் சான்றிதழ் கேள், அழகை அப்புறம் பார்க்கலாம்.

அருங்காட்சியகம் மூன்றாவது வழி. சித்தப்பாவுக்குப் பிடித்தது இதுதான். பரோடாவிலோ வேறெங்கோ அருங்காட்சியகவியல் படித்துவிட்டு, பி.எஸ்.சி. (அரசுப் பணியாளர் தேர்வாணையம்) அறிவிப்புக்குக் காத்திருக்க வேண்டும். காலியிடம் எப்போது வரும் என்பது ஜோசியம். கிடைத்தால் சம்பளம் நிச்சயம், பொருளுக்கு விலை போடும் தலைவலி இல்லை. கண் ஏமாந்தாலும் அங்கே உடனே யாரும் கண்டுபிடிப்பதில்லை, அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

சரி, அவளுக்கு எது? முதலில் இரண்டு வருஷம் கடை, அப்புறம் ஏலம் என்றேன். ஏல நிறுவனங்கள் பெரும்பாலும் மும்பையிலும் டெல்லியிலும்தான். தொடக்கத்தில் வாடகைக்கே சம்பளம் சரியாகப் போகும். ஆனால் தமிழும் மலையாளமும் தெரிந்தவர் அங்கே குறைவு. நாம் படிக்கம் (வெற்றிலை எச்சில் துப்பும் பாத்திரம்) என்பதை மலையாளிகள் கோளாம்பி என்பார்கள், நம் குத்துவிளக்கு இவர்களுக்கு நிலவிளக்கு. படிக்கத்துக்கு உள்ள இந்த இரண்டு பெயர்களும் தெரியாமல் ஒருவர் அதைப் 'பித்தளைப் பூச்சாடி' என்று எழுதிவைத்ததைத் திருத்தியவள் நான். "கடையில நிக்கவா படிக்க வெச்சேன்?" என்று சித்தப்பா இன்னும் முறுக்கிக்கொண்டிருக்கிறார்.

போன ஞாயிறு அவளே ஒரு ஆக்ரிக் கடைக்குப் போய், கறுத்துப்போன குத்துவிளக்கு ஒன்றை 1,400 ரூபாய்க்கு வாங்கி வந்தாள். "நூறு வருஷத்துதாம்." கவிழ்த்தேன். அடியில் இருந்த கறுப்பை நகத்தால் சுரண்டியதும் பொடியாக உதிர்ந்தது. எண்ணெய்ப் பிசுக்கு அப்படி உதிராது. உள்ளே புதுப் பித்தளை மஞ்சளாகப் பல்லைக் காட்டியது.

"யார் பணம்?" என்றேன்.

"என்னோடதுதான்" என்றவள், விளக்கை வாங்கி மறுபடியும் கவிழ்த்துப் பார்க்கத் தொடங்கினாள்.