ஓய்வு நாளில் உதகையா, குன்னூரா? மேடைக்குப் பின்னால் வேலை செய்பவரின் கணக்கு

நாடகம் முடிந்து, பார்வையாளர்கள் கலைந்து, நடிகர்கள் ஒப்பனையைத் துடைத்துக்கொண்டிருக்கும் நேரத்தில்தான் ஒளியமைப்பைப் பார்த்துக்கொள்ளும் எங்களுக்கு இரண்டாம் பாதி வேலை தொடங்குகிறது. விளக்குகளை இறக்க வேண்டும்; சூடு தணியும்வரை காத்திருந்து வண்ணத்தாள்களைக் கழற்றி உறையில் போட வேண்டும்; கேபிள்களை முறுக்கு விழாமல் சுற்றி, எல்லாவற்றையும் டெம்போவில் ஏற்றிக் கயிறு கட்ட வேண்டும். ஜனவரி மாதத்து இரவொன்றில் உதகையில் இந்த வேலையை முடித்து அறைக்குத் திரும்பியபோது மணி ஒன்றைத் தாண்டியிருந்தது. கேபிளின் மேலுறை குளிரில் விறைத்துப்போய், சுற்றச் சுற்ற வளையாமல் நிமிர்ந்து நின்றதால் வழக்கத்தைவிட இரண்டு மடங்கு நேரம் பிடித்தது. அடுத்த காட்சி கோயம்புத்தூரில், மறுநாள் அல்ல, அதற்கடுத்த நாள் மாலை. டெம்போ அந்தி சாயும் நேரத்தில் கிளம்பும் என்று சொல்லிவிட்டார்கள். அதுவரை இருக்கும் பகல் எங்களுடையது.

அந்தப் பகலை எங்கே கழிப்பது என்பது நீலகிரிக்கு வரும் ஒவ்வொரு முறையும் எழுகிற கேள்வி. சுற்றுலா வருபவர் எத்தனை இடங்களைப் பார்க்கலாம் என்று கணக்கிடுவார். எங்கள் கணக்கு வேறு. பின்னிரவில் படுத்தவர் ஒன்பது மணிக்கு முன் எழ முடியாது. செலவு பேட்டா பணத்துக்குள் அடங்க வேண்டும். இரவெல்லாம் ஏணியில் ஏறி இறங்கிய முழங்கால்களுக்குப் பெரிய நடை ஆகாது. டெம்போவைத் தவறவிடவும் கூடாது. இந்த நான்குக்கும் உட்பட்டு நிற்கும் வழிகள் இரண்டுதான்: உதகையிலேயே இருந்துவிடுவது, அல்லது மலை ரயிலில் குன்னூருக்கு இறங்குவது. வெவ்வேறு பயணங்களில் இரண்டையும் செய்து பார்த்திருக்கிறேன் என்பதால் இதை எழுதுகிறேன்.

மூன்றாவதாகக் கோத்தகிரியைச் சொல்பவர்கள் உண்டு. ஆங்கிலேயக் கலெக்டர் ஜான் சல்லிவன் வாழ்ந்த கன்னேரிமுக்கு பங்களாவும் அதைச் சுற்றியுள்ள படுகர் ஊர்களின் அமைதியும் எனக்கும் பிடித்தவைதான். ஆனால் உதகையிலிருந்து ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் பேருந்தில் போய், அங்கே வேறு வண்டி பிடித்து, மாலைக்குள் திரும்புவதென்பது ஓய்வு ஆகாது. இரண்டு நாள் கிடைத்தால் மட்டும் அதைப் பேசலாம். 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவையும் இதே காரணத்தால் விட்டுவிடுகிறேன். மதியத்துக்கு மேல் மேகம் மூடிக்கொண்டால் அங்கே பார்க்க எதுவும் இருக்காது.

உதகையின் முதல் வசதி, எதற்கும் வண்டி தேவையில்லை என்பது. சேரிங் கிராஸ் சந்திப்பை நடுவில் வைத்துக்கொண்டால் தாவரவியல் பூங்கா, நகராட்சிச் சந்தை, புனித ஸ்தேவான் ஆலயம் ஆகிய மூன்றும் நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன. இவற்றுள் மேடைத் தொழிலாளி தவறவிடக் கூடாதது ஆலயம்தான் என்பேன். 1829-ல் அடிக்கல் நாட்டப்பட்ட அந்தக் கட்டடத்தின் உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையிலிருந்து பிரித்துக் கொண்டுவரப்பட்டவை. ஒரு ஊரில் பிரித்ததை மற்றொரு ஊரில் பூட்டுவதையே பிழைப்பாகக் கொண்ட எனக்கு, அந்தத் தடித்த மரங்களின் அடியில் நிற்கும்போது முதலில் வருவது பக்தியோ வரலாறோ அல்ல, இவற்றை எப்படி ஏற்றினார்கள் என்ற வியப்புதான். மோட்டார் வண்டி பிறக்காத காலத்தில், மைசூர்ப் பீடபூமியிலிருந்து இந்த உயரத்துக்கு இவ்வளவு பெரிய மரங்கள் வந்திருக்கின்றன. நாங்கள் எட்டடிக் குழாயை மாடிப்படியில் திருப்பவே நான்கு பேர் வேண்டும்.

அங்குள்ள வண்ணக் கண்ணாடிச் சன்னல்களையும் நின்று பார்க்க வேண்டும். நான் போன அன்று வெயில் விட்டுவிட்டு அடித்தது. ஒரு மேகம் கடந்தபோது மர இருக்கையின் மேல் கிடந்த நிறம் மெல்ல மங்கி, சில நொடிகள் வெறும் பழுப்பாகி, பிறகு ஓரத்திலிருந்து மீண்டும் ஏறி வந்தது. டிம்மரில் விரல் வைத்து ஆறு நொடியில் ஒளியை இறக்கி ஏற்றுகிறவன் எத்தனை முயன்றாலும் அந்தச் சீரான ஏற்றத்தைத் தொட முடியாது. அரை மணி நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அந்த அரை மணியில் கற்றதைக் கோவைக் காட்சியின் விடியல் கட்டத்தில் பயன்படுத்தியும் பார்த்தேன்.

தாவரவியல் பூங்கா 1848-ல் தோட்டக்கலை வல்லுநர் மக்கைவரின் மேற்பார்வையில் உருவாகத் தொடங்கியது. சுமார் 55 ஏக்கர். கீழே அகன்ற புல்வெளி, மேலே போகப் போக மரங்கள், அதற்கும் மேலே தோடர் பழங்குடியினரின் குடியிருப்பான மந்து. களைத்தவர் புல்வெளியோடு நின்றுவிடலாம். கால் ஒத்துழைத்தால் மட்டும் மேலே ஏறலாம். இந்த நெகிழ்வு உதகைக்குச் சாதகமான செய்தி. ஏரியைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் இல்லை: படகுத் துறையின் கூட்டமும் சத்தமும் நாங்கள் விட்டு விலக விரும்பும் காட்சி நேரத்துப் பரபரப்பையே நினைவூட்டுகின்றன. ஆங்கிலேயர் காலத்தில் நாடகமும் நடனமும் நடந்து, பிறகு திரைப்பட அரங்கமாக மாறிய அசெம்பிளி ரூம்ஸ் கட்டடத்தை வெளியிலிருந்தாவது பார்த்துவிட்டு வருவது நம் தொழிலுக்குச் செய்யும் மரியாதை. சந்தைக்குப் போனால் விறகு அடுப்பில் சுட்ட வர்க்கியைக் கால் கிலோ வாங்கிக்கொள்ளலாம். டெம்போவின் குலுக்கலில் நொறுங்கினாலும் தேநீரில் தோய்த்துத் தின்ன ருசி குறையாது.

இவ்வளவு இருந்தும் உதகையை நான் இரண்டாவதாக வைப்பதற்குக் காரணம் ஊர் அல்ல, வேலையின் அருகாமை. அரங்கம் பத்து நிமிட நடையில் இருக்கும்வரை ஓய்வு நாள் நம் கையில் இருப்பதில்லை. முந்தைய பயணம் ஒன்றில், பூங்காவின் வாசலில் நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு திரும்பும்போது கைபேசி அழைத்தது: விளக்குகளை மாட்டும் கிளாம்ப் இரண்டு குறைகின்றன, வந்து தேடிக் கொடுக்க வேண்டும். தேடினோம். மேடைக்கு அடியிலும் திரைக்குப் பின்னும் ஒன்றரை மணி நேரம் தேடிய பிறகு, அவை டெம்போவில் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் ஒரு சாக்கில் கிடைத்தன. அதற்குள் மழை பிடித்துக்கொண்டது. அன்று நான் உதகையில் பார்த்தது அந்த அரங்கத்தை மட்டும்தான். அழைத்தவர்மேல் தவறில்லை, அருகில் இருப்பவரைத்தான் யாரும் அழைப்பார்கள்.

பழைய நாடகக் கம்பெனிகளின் நாளில் இந்தச் சிக்கல் இருந்திருக்காது என்று தோன்றும். 1918-ல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகள் தொடங்கிய பால சபாவைப் போன்ற குழுக்கள் ஓர் ஊரில் கொட்டகை போட்டால் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் முகாமிட்டன. ஊரைப் பழகிக்கொள்ள அவர்களுக்கு நேரம் இருந்தது. ஓர் இரவு ஆடி, மறுநாள் அந்தியில் கிளம்பும் நமக்குக் கிடைப்பது பகல் ஒன்றே. அதனால்தான் அதை எங்கே செலவிடுகிறோம் என்பதைப் பற்றி இவ்வளவு யோசிக்க வேண்டியிருக்கிறது.

குன்னூருக்குப் போவதன் முதல் நன்மை, அங்கே போய்ச் சேருவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரையிலான மலை ரயில் பாதை 1899-ல் திறக்கப்பட்டு, 1908-ல் உதகை வரை நீண்டது. 2005-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. உதகை நிலையம் 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, குன்னூர் நிலையம் 1,700 மீட்டரை ஒட்டி. ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான பயணத்தில் லவ்டேல், கேத்தி, அரவங்காடு, வெலிங்டன் என்று ரயில் இறங்க இறங்க, விரல்களில் உறைந்திருந்த இரவு மெல்ல விட்டுப்போகிறது. முழங்காலுக்கு வேலையில்லை, கண்ணுக்கு மட்டும் வேலை. கேத்திப் பள்ளத்தாக்கின் காய்கறித் தோட்டங்கள் படிப்படியாகக் கீழே விரியும் இடத்தில் பெட்டியில் இருந்த அத்தனை பேரும் சன்னல் பக்கம் சாய்ந்தார்கள்.

ஆனால் என்னைக் குன்னூருக்கு மறுபடி மறுபடி இழுப்பது ரயில் நிலையம். உதகைக்கும் குன்னூருக்கும் இடையே டீசல் எஞ்சின் ஓடுகிறது. குன்னூருக்குக் கீழே கல்லாறு வரை, தண்டவாளங்களின் நடுவிலுள்ள பல்வரிசையைப் பிடித்து எஞ்சின் ஏறும் பல்சக்கரப் பாதை, அங்கே வேறு எஞ்சின். ஆகவே இங்கே எஞ்சின் மாற்றுகிறார்கள். பணிமனையில் நிற்கும் நீராவி எஞ்சினைச் சுற்றி வந்து தொழிலாளர்கள் எண்ணெய் இடுவதைப் பயணிகள் படம் எடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். நாம் நின்று பார்க்க வேண்டும். பன்னிரண்டரை அடி ஓடினால் ஓரடி ஏறும் அந்தச் செங்குத்தில் எஞ்சின் பெட்டிகளை முன்னால் இழுப்பதில்லை, பின்னாலிருந்து தள்ளுகிறது. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிரேக்ஸ்மேன் நிற்கிறார். முன்பெட்டியில் இருப்பவர் கொடியைக் காட்ட, அடுத்தவர் அதைப் பார்த்துத் தன் கொடியைக் காட்ட, சைகை பெட்டி பெட்டியாகப் பின்னோக்கி எஞ்சின் ஓட்டுநரைச் சென்றடைகிறது. இருட்டில் பக்கத்திரைக்குப் பின்னால் நின்று, டார்ச்சை இருமுறை மினுக்கி எதிர்ப்பக்கத்துக்குக் குறிப்புக் கொடுக்கும் எங்களுக்கு இந்த மனிதர்கள் அந்நியர்கள் அல்லர். பயணம் சிறப்பாக முடிந்தால் யாரும் அவர்களைக் கவனிப்பதில்லை. கவனிக்கப்படாமல் இருப்பதே அந்த வேலையின் நேர்த்தி.

நிலையத்துக்கு வெளியே தேநீர்க் கடை வைத்திருந்த அம்மா, என் செருப்பில் ஒட்டியிருந்த வெள்ளை டேப்பைப் பார்த்துவிட்டு என்ன வேலை என்று கேட்டார். மேடையில் நடிகர் நிற்கும் இடத்தைக் குறிக்க ஒட்டும் டேப் என்று விளக்கினேன்.

“ஊட்டியில நேத்து நைட்டா தம்பி? அந்தக் குளிர்ல ஜனம் வந்துச்சா?”

“வந்தாங்கம்மா. கம்பளி போத்திக்கிட்டுக் கடைசி வரைக்கும் உக்காந்திருந்தாங்க.”

“அப்ப இங்கயும் ஒரு நாள் போடுங்க. நாங்களும் கம்பளி வச்சிருக்கோம்.”

இரண்டு ஊர்களின் பூங்காக்களையும் ஒப்பிடாமல் இந்தக் கணக்கு முடியாது. குன்னூரில் கோத்தகிரி செல்லும் பேருந்தில் ஏறினால் சிம்ஸ் பூங்காவின் வாசலில் இறங்கிக்கொள்ளலாம். 1874-ல் தொடங்கப்பட்ட இந்தப் பூங்கா சுமார் 12 ஹெக்டேர்தான். உதகைப் பூங்காவில் பாதியைச் சற்றே தாண்டும். ஆனால் அங்கே நிலத்தைச் சமன்படுத்திப் புல்வெளி ஆக்கியிருக்கிறார்கள். இங்கே பள்ளத்தாக்கின் சரிவை அப்படியே விட்டு, அதில் பாதைகளை வெட்டியிருக்கிறார்கள். மேலே நுழைந்தால் பெருமரங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து கீழே குளம்வரை இறங்கலாம். கிளைகளின் இடைவெளியில் வரும் ஒளி பக்கவாட்டில் விழுவதால் ஒரே மரம் மேல் பாதையிலிருந்து பார்த்தால் கருநிழலாகவும், கீழிருந்து பார்த்தால் விளிம்பில் பொன் பூசியதாகவும் தெரிகிறது. பின்னொளி என்றால் என்ன என்று புதிதாகச் சேரும் பையன்களுக்குச் சொல்லிக் கொடுக்க இதைவிட நல்ல வகுப்பறை எனக்குத் தெரியாது. ஒன்றை மட்டும் எச்சரிக்க வேண்டும்: இறங்கிய அவ்வளவும் ஏறியாக வேண்டும். முழங்கால் வலி உள்ளவர் பாதிச் சரிவிலேயே ஒரு பெஞ்சில் அமர்ந்துவிடுவது நல்லது. அவருக்கு உதகைப் புல்வெளியே ஏற்றது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

எதிர்ச்சாலையில் நாய்க்கடித் தடுப்பூசிக்குப் பெயர்போன பாஸ்டியர் நிறுவனத்தின் கட்டடத்தையும் பார்த்துக்கொள்ளலாம். டால்பின்ஸ் நோஸ், லேம்ப்ஸ் ராக் ஆகிய காட்சி முனைகளுக்கு வாடகை வண்டி வேண்டும். பேட்டாவில் பாதி போய்விடும், நான் போகச் சொல்ல மாட்டேன்.

பருவத்தைப் பார்க்காமல் முடிவெடுக்கக் கூடாது. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை மலையின் கிழக்குச் சரிவிலிருக்கும் குன்னூரைத்தான் பலமாகத் தாக்கும். மண் சரிந்து ரயிலும் சாலையும் தடைபடுவது உண்டு. அந்த மாதங்களில் உதகையை விட்டு நகராமல் இருப்பதே அறிவு. ஜூன் முதல் ஆகஸ்டு வரை தென்மேற்குப் பருவமழையில் உதகை நனையும்போது குன்னூர் ஒப்பளவில் காய்ந்திருக்கும். ஜனவரியிலிருந்து மார்ச் வரை இரண்டும் நன்றாக இருக்கும். அப்போது தயங்காமல் குன்னூரைத் தேர்ந்தெடுக்கிறேன். வார இறுதியானால் இந்தத் தேர்வு இன்னும் உறுதியாகிறது. 2025 கோடையில், இ-பாஸ் என்ற இணையவழி அனுமதிச் சீட்டு முறையில் நீலகிரிக்குள் வரும் வெளியூர் வண்டிகளுக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 என்று வரம்பு வைத்தார்கள் என்றால் கூட்டத்தின் அளவைப் புரிந்துகொள்ளலாம். அதில் பெரும்பகுதி உதகையில்தான் போய் நிற்கும்.

குன்னூரின் பக்கம் தராசைச் சாய்க்கும் கடைசிக் காரணம் டெம்போவின் வழி. கோயம்புத்தூருக்கு இறங்கும் வண்டி குன்னூர் வழியாகத்தான் வரும் என்பதால் மீண்டும் உதகைக்கு ஏறத் தேவையில்லை. காலையிலேயே பையை டெம்போவில் போட்டுவிட்டு, ஓட்டுநர் அண்ணனிடம் பேருந்து நிலையத்தருகே ஏறிக்கொள்வதாகச் சொல்லிவிட்டால் போதும். திரும்பும் பயணமே கணக்கிலிருந்து நீங்கி, இரண்டு மணி நேரம் மிச்சமாகிறது. ஆனால் கோடை சீசனில் போக்குவரத்தை ஒருவழி ஆக்கும்போது உதகையிலிருந்து இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியே திருப்பிவிடுவார்கள். அப்படித் திருப்பிவிடும் நாளில் குன்னூரில் நின்றுகொண்டிருந்தால் டெம்போ வராது. மேட்டுப்பாளையம் வரை நாமே பேருந்தில் இறங்கி, அங்கே அதைப் பிடிக்க வேண்டியிருக்கும். ஏப்ரல், மே மாதங்களில் காட்சி இருந்தால், முதல் நாள் இரவே ஓட்டுநரிடம் எந்த வழியில் இறங்கப்போகிறார் என்று கேட்டுவிட்டுப் படுங்கள்.