வெள்ளத்தில் நெல்: அடங்கிக் கிடப்பது மேலா, ஓங்கி வளர்வது மேலா?

பயிர் முழுதாக மூழ்கிவிட்டது என்பதை நெல்லுக்குச் சொல்வது எத்திலீன். செடி எப்போதும் சிறிதளவு வெளிவிடும் வாயுதான் இது. ஆனால் தண்ணீரில் வாயுக்கள் பரவும் வேகம் காற்றில் பரவுவதைவிடச் சுமார் 10,000 மடங்கு குறைவு. அதனால் வெளியேற வழியின்றி எத்திலீன் திசுக்களிலேயே தேங்குகிறது. இந்த ஒரே செய்தியைக் கேட்டு இரண்டு வகை நெல் நேரெதிரான முடிவுக்கு வருகின்றன.

ஒடிசாவின் நாட்டு ரகத்திலிருந்து வந்த எஃப்ஆர் 13ஏ அடங்கிக் கிடக்கும் ரகம். இதற்குக் காரணமான சப்-1ஏ மரபணுவை டேவிட் மெக்கில், பமீலா ரொனால்ட் ஆகியோரின் குழுக்கள் 2006இல் அடையாளம் காட்டின. செடியை நீளச் செய்வது ஜிப்பரலின் ஹார்மோன். வளர்ச்சிக்குத் தடையாக நிற்கும் டெல்லா வகைப் புரதங்களை அழிக்க வைத்துத்தான் அது வேலை செய்கிறது. சப்-1ஏ அந்தத் தடைப் புரதங்களின் அளவைக் கூட்டிவிடுகிறது. ஜிப்பரலின் இருந்தும் அதன் பேச்சு எடுபடாது. செடி நீளாமல், சேமித்த மாவுச்சத்தைக் காப்பாற்றிக்கொண்டு சுமார் இரண்டு வாரம் தாக்குப்பிடிக்கும். சாதாரண ரகமோ பதறிப்போய் இலையை நீட்டும், கையிருப்பைத் தீர்த்துவிடும், தண்ணீர் வடிந்ததும் துவண்டு சாயும்.

ஓங்கி வளரும் ரகங்கள் வங்கதேசம், தாய்லாந்து, கம்போடியாவின் ஆழ்நீர் நெல்கள். 2009இல் நகோயா பல்கலைக்கழகத்தின் மொட்டோயுகி அஷிகாரி குழு இவற்றில் ஸ்நார்கல்-1, ஸ்நார்கல்-2 என்ற மரபணுக்களைக் கண்டது. இவையும் எத்திலீன் சொல் கேட்பவை, சப்-1ஏவின் அதே குடும்பம். ஆனால் கணுவிடைகளை, அதாவது தண்டில் கணுக்களுக்கு இடைப்பட்ட பகுதிகளை, நீட்டச் சொல்கின்றன. நாளொன்றுக்கு 20-25 செ.மீ. வரை உயர்ந்து, இலை நுனியை நீருக்கு மேலே நிறுத்தும். 2018இல் வெளியான இன்னொரு ஆய்வு எனக்கு இன்னும் பிடித்தது. ஆழ்நீர் நெல்லில் எத்திலீன் தட்டி எழுப்பும் ஒரு மரபணு எஸ்டி-1; ஜிப்பரலின் தயாரிப்பில் அதற்குப் பங்கு உண்டு. அதே எஸ்டி-1 பழுதானதால்தான் 1966இல் வந்த ஐஆர்-8 நெல் ரகம் குட்டையாக நின்றது! பசுமைப் புரட்சிக்கு உதவியது அந்தப் பழுது.

சரி, எது மேல்? தண்ணீர் எத்தனை நாள் நிற்கும் என்று கேட்காமல் இதற்குப் பதில் இல்லை. பத்துப் பன்னிரண்டு நாளில் வடியும் வெள்ளத்தில் ஓங்கி வளர்ந்த பயிர் நீர் இறங்கியதும் சாய்ந்துவிடும். மாதக்கணக்கில் ஆள் உயரத் தண்ணீர் நிற்கும் பள்ளத்தாக்கில் அடங்கிக் கிடந்த பயிர் அழுகிவிடும். முழங்கால், இடுப்பளவு நீர் நீண்ட நாள் தேங்கும் நிலங்களில் சப்-1ஏ மட்டும் போதாது; விதை முளைக்கும்போதே மூழ்கினாலும் அது கைகொடுக்காது.

இருந்தாலும் பெரும்பாலான விவசாயிகளுக்கு நான் கைகாட்டுவது சப்-1ஏவைத்தான். ஆழ்நீர் நெல்லின் விளைச்சல் குறைவு. அதன் வளர்ச்சிக் குணத்தை வேறு ரகத்துக்குக் கொண்டுபோக, குரோமோசோம்களில் மூன்று இடங்களைச் சேர்த்துக் கொடுக்க வேண்டியிருந்தது. சப்-1ஏவுக்கோ அது அமைந்திருக்கும் சப்-1 என்ற ஓர் இடம் போதும். அதனால்தான் மக்கள் ஏற்கெனவே விரும்பிப் பயிரிட்ட ஸ்வர்ணா நெல் ரகத்தின் மற்ற குணங்களைக் கெடுக்காமல் அதைச் சேர்க்க முடிந்தது. 2009இல் ஸ்வர்ணா-சப்1 இந்தியாவில் வெளியானது. காவிரி டெல்டாவின் சம்பா விவசாயிகளுக்குத் தெரிந்த சிஆர் 1009 ரகத்துக்கும் இப்போது சப்-1 வடிவம் உண்டு. வடகிழக்குப் பருவமழையில் சில நாள் மூழ்கி வடியும் வயல்களுக்கு அது பொருந்தும். ஒன்றை மட்டும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்: மூழ்கி எழுந்த பயிர் பூப்பது தள்ளிப்போகும், அறுவடையும் அப்படியே.