"ரிலே போட்டிருக்கோம் சார்" என்றால் நம்பிப் பணம் கொடுத்துவிடாதீர்கள்

தார், ஜிம்னி, கூர்க்கா என்று எந்த வண்டியாக இருந்தாலும் சரி, ஆக்சசரீஸ் கடையில் எல்இடி பார், ஆக்சிலரி லைட், டூயல் ஹார்ன், கம்ப்ரசர் ஏதாவது மாட்டியிருந்தால் இன்றைக்கே பானெட்டைத் திறந்து ஒருமுறை பாருங்கள். எங்கள் தாருக்கு நல்ல பெயருள்ள ஒரு கடை செய்து கொடுத்த ஒயரிங்கைப் பிரித்தபோது கண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். பிரிக்கக் காரணம், ஹை பீம் போடும்போதெல்லாம் இடது ஹெட்லைட் பக்கமிருந்து வந்த பிளாஸ்டிக் கருகும் வாடை. கடையின் பெயரை எழுதவில்லை. இதே வேலையைப் பல ஊர்களில் பல கடைகள் செய்கின்றன, அதனால் வேலையை அடையாளம் காணத் தெரிந்துகொள்வதே முக்கியம்.

பில்லில் இருந்தது இதுதான்: "ஹெவி டியூட்டி ஒயரிங் கிட், 40 ஆம்பியர் ரிலே 3, ப்யூர் காப்பர், கப்ளர் டு கப்ளர், நோ ஒயர் கட்டிங்." ரிலே என்பது சின்னக் கரன்ட்டால் பெரிய கரன்ட்டைப் போட்டு அணைக்கும் ஸ்விட்ச்; கப்ளர் என்பது ஒயர்களைச் செருகி இணைக்கும் பிளாஸ்டிக் இணைப்பு. ஸ்விட்சைப் போட்டால் ரிலே டிக் என்றது, லைட் எரிந்தது. கவுன்டரில் நிற்பவருக்கு இதற்கு மேல் என்ன தெரியும்?

முதல் ஏமாற்று லைட் ரிலேயில். ரிலேயைச் செருகும் பேஸைத் திருப்பிப் பார்த்தால் 30, 86 என்று எண் போட்ட பின்களுக்கு நடுவே விரல் நீளத்துக்கு ஒரு ஜம்பர் ஒயர். பேட்டரியிலிருந்து அந்த ரிலேக்கு ஒயரே வரவில்லை. ஹெட்லைட் கப்ளரில் செருகிய ஒரு ஒய் கப்ளரிலிருந்து வரும் ஹை பீம் ஒயர்தான் ரிலேயை இழுக்கும் காந்தச் சுருளான காயிலையும் இயக்குகிறது, லைட்டுக்கான மொத்தக் கரன்ட்டையும் கொடுக்கிறது.

இது ஏன் இவ்வளவு மோசம் என்றால், ரிலே போடுவதன் காரணமே இங்கே செத்துவிடுகிறது. 85, 86 காயிலின் இரு முனைகள். 12 வோல்ட் ரிலேயின் காயில் எடுத்துக்கொள்வது ஏறக்குறைய 0.15 ஆம்பியர். கம்பெனி ஒயர் அந்தச் சின்னக் கரன்ட்டை மட்டும் கொடுத்து ரிலேயைத் தூண்ட வேண்டும். லைட்டுக்கான பெரிய கரன்ட், பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் வழியாக 30-க்கு வந்து 87 வழியாகப் போக வேண்டும். ஜம்பர் போட்டுவிட்டால் ரிலே இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். சத்தம் மட்டும் மிச்சம்.

கணக்கையும் பார்த்துவிடுவோம். அந்தப் பக்கத்து ஹை பீம் ஒயர் ஒரு 60 வாட் ஹாலஜன் பல்புக்கானது, அதாவது 5 ஆம்பியர். நாங்கள் போட்ட பாரும் இரண்டு ஆக்சிலரி லைட்டும் சேர்ந்து கிளாம்ப் மீட்டரில் 12 ஆம்பியர் காட்டின. 5-க்கு இழுத்த ஒயரில் 17. அப்படியானால் ஃப்யூஸ் ஏன் போகவில்லை? ஃப்யூஸ் பாக்ஸ் மூடியில் உள்ள படத்தோடு ஒப்பிட்டால் பதில் கிடைத்தது: அந்த இடத்தில் பச்சை நிற 30 ஆம்பியர் ஃப்யூஸ் உட்கார்ந்திருந்தது. கேட்காமல், சொல்லாமல் மாற்றியிருக்கிறார்கள். இதுதான் மன்னிக்க முடியாத வேலை. ஒயரைக் காப்பாற்ற வைத்த ஃப்யூஸை ஒயரால் தாங்க முடியாத அளவுக்கு ஏற்றிவிட்டால், இனி ஃப்யூஸுக்குப் பதில் உருகப்போவது ஒயர். கப்ளரைக் கழற்றினால் ஹை பீம் பின்னைச் சுற்றி வெள்ளைப் பிளாஸ்டிக் பழுப்பேறி, ஒரு ஓரம் உருகிப் பின்னோடு ஒட்டியிருந்தது.

"ஒயர் கட் பண்ணல" என்று கடை சொன்னது ஹெட்லைட் பக்கம் உண்மைதான். ஆனால் எங்கே கட் செய்யவில்லையோ அங்கேதான் கரன்ட்டைத் திருடியிருக்கிறார்கள். கப்ளர் டு கப்ளர் என்பதால் மட்டும் ஒயரிங் சரி என்று ஆகாது.

இதைக் கண்டுபிடிக்க 2 நிமிடம் போதும். சாவியை அணைத்துவிட்டு ரிலேயைப் பிடுங்குங்கள். மல்டிமீட்டரின் கறுப்பு முனையை பாடியில் வைத்து, சிவப்பு முனையை பேஸின் 30-ம் எண் துளையில் வையுங்கள். பேட்டரி வோல்டேஜ், அதாவது 12.5 சுமார், எப்போதும் இருக்க வேண்டும். அணைத்திருக்கும்போது சைபர், ஹை பீம் போட்டால் 12 என்று காட்டினால் ஜம்பர் வேலைதான். மீட்டர் இல்லாவிட்டால் டெஸ்ட் லாம்ப் போதும்.

அடுத்தது ஒயர். வெளியே பார்க்க 4 ஸ்கொயர் எம்எம் மாதிரி தடியாக இருந்தது. தோலைச் சீவினால் தோல்தான் தடிப்பு, உள்ளே கம்பி 1.5 இருந்தால் அதிகம். ஒரு இழையை பிளேடால் சுரண்டியதும் சிவப்புப் போய் வெள்ளி நிறம் தெரிந்தது. தாமிரப் பூச்சு போட்ட அலுமினியம், சந்தையில் சிசிஏ என்பார்கள். தாமிரத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் கடத்தும். அதைவிடப் பெரிய தொல்லை, சூடேறி ஆறும்போது ஒயர் முனையில் அழுத்திப் பொருத்தும் லக்குக்குள் அலுமினியம் தளர்ந்துபோகும், ஈரம் பட்டால் தாமிரத்தோடு சேரும் இடத்தில் அரிக்கும். ஆற்றில் இறங்கும் வண்டிக்கு இதைப் போடவே கூடாது. டின் பூசிய நல்ல தாமிர ஒயரும் வெளியே வெள்ளையாகத் தெரியும், ஆனால் சுரண்டினால் உள்ளே சிவப்பு வரும். கத்தியை எடுத்து நீங்களே சுரண்டிப் பார்த்துவிட்டு ஒயரைச் சுற்றச் சொல்லுங்கள்.

லைட்டை எரியவிட்டு, பேட்டரி பாசிட்டிவுக்கும் லைட்டின் பாசிட்டிவுக்கும் நடுவே மீட்டர் வைத்தால் எங்களுக்குக் காட்டியது 1.9 வோல்ட். அரை வோல்ட்டைத் தாண்டக் கூடாது. ஹாலஜனாக இருந்தால் வெளிச்சம் மஞ்சளடித்து நமக்கு முன்கூட்டியே காட்டிக்கொடுத்துவிடும். எல்இடி அப்படியில்லை. உள்ளே டிரைவர் சர்க்யூட் இருப்பதால் வோல்டேஜ் குறையக் குறையப் பல லைட்டுகள் கூடுதலாகக் கரன்ட் இழுத்து வெளிச்சத்தை அப்படியே வைத்திருக்கும். ஒயர் சூடாவது வெளியே தெரியாது. "லைட் பளிச்சுனுதானே எரியுது" என்பது ஒயரிங்குக்குச் சான்றிதழ் அல்ல.

கம்ப்ரசர் ரிலே இன்னும் ஆபத்து. ஸ்விட்சை அணைத்த பிறகும் கம்ப்ரசர் ஓடிக்கொண்டே இருந்தது. ரிலேயை உடைத்துப் பார்த்தால் கான்டாக்ட் இரண்டும் ஒன்றோடொன்று பற்றவைத்த மாதிரி ஒட்டியிருந்தன. மேலே 40 ஆம்பியர் என்று அச்சடித்திருக்கிறார்கள், உள்ளே கான்டாக்ட் மிளகு அளவுகூட இல்லை. பின்களில் காந்தம் ஒட்டியது, அதாவது இரும்புத் தகடு. நல்ல ரிலேயின் பின் தாமிரக் கலவையில் இருக்கும், காந்தம் ஒட்டாது. மோட்டார் கிளம்பும் நொடியில் ஓடும் கரன்ட்டைப்போலப் பல மடங்கு இழுக்கும். நல்ல 40 ஆம்பியர் ரிலேயையே இன்ஜின் சூட்டில் 30-க்கு மேல் தொடர்ந்து ஓட்டாமல் இருப்பது நல்லது. ஓடும்போதே 30 இழுக்கும் கம்ப்ரசருக்கு 70 ஆம்பியர் ரிலே போட வேண்டும், அதன் பின்கள் அகலமானவை, பேஸும் வேறு. சிக்கிய வண்டியைக் கயிறு சுற்றி இழுக்கும் விஞ்ச் என்றால் இந்தப் பேச்சே கிடையாது. நூற்றுக்கணக்கில் ஆம்பியர் இழுக்கும் பொருள் அது, அதற்குரிய சாலினாய்டு என்ற பெரிய ஸ்விட்சும் பேட்டரியிலிருந்து நேரான தடித்த கேபிளும் வேண்டும். சின்ன ரிலே வழியாக விஞ்ச் மோட்டாரை ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

ஹார்னுக்கு மாட்டியிருந்தது ஒரு வகை 5 பின் ரிலே. ஸ்பேர் என்று கையில் கொடுத்தது வேறு வகை 5 பின் ரிலே. பேஸில் இரண்டும் உட்காரும், அதனால் யாரும் கவனிப்பதில்லை. மாட்டியிருந்த வகையில் நடுப் பின்னும் 87 தான். ஸ்பேரில் நடுவில் இருப்பது 87ஏ, அது ரிலே அணைந்திருக்கும்போது 30-ஓடு சேர்ந்திருக்கும். எங்கள் பேஸில் ஹார்ன் ஒயர் நடுவில்தான் இருந்தது. காட்டுக்குள் ரிலே போய், அந்த ஸ்பேரைச் செருகியிருந்தால் செருகிய நொடியிலிருந்து ஹார்ன் நிற்காமல் அலறியிருக்கும். ஸ்பேர் வாங்கும்போது பின் எண்ணிக்கையைப் பார்த்தால் போதாது, ரிலேயின் பக்கத்தில் அச்சடித்த படத்தையும் பாருங்கள்.

மற்றவை சுருக்கமாக. ஃப்யூஸ் இருந்தது, ஆனால் லைட்டுக்குப் பக்கத்தில், ஸ்பிரிங் வைத்த கண்ணாடி ஃப்யூஸ். ஹார்ன், கம்ப்ரசர் ஒயர் இரண்டும் பேட்டரியிலிருந்து ஃப்யூஸே இல்லாமல் கிளம்பி, கூர்மையான தகட்டு விளிம்பின்மேல் ஸ்லீவ்கூட இல்லாமல் ஓடின. உரசித் தோல் போனால் பேட்டரியின் முழு பலமும் அந்த இடத்தில் தீயாக இறங்கும். அர்த் ஒயரைப் பெயின்ட் மேலேயே வைத்து ஸ்க்ரூ முடுக்கியிருந்தார்கள். ரிலேக்கள் கிரில்லுக்குப் பின்னால், பின்கள் மேல் நோக்கி. தார் 650 மில்லிமீட்டர் தண்ணீரில் இறங்கும் வண்டி, மழைத்தண்ணீர் பேஸுக்குள் குளம்போல நிற்கும்படி வைத்திருக்கிறார்கள். பின்களில் பச்சை பூத்திருந்தது.

சரியாகச் செய்தால் என்ன போட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், கடைக்காரரோடு பேச உதவும். 12 ஆம்பியர் லைட்டுக்கு 4 மீட்டர் தூரம் என்றால் 2.5 ஸ்கொயர் எம்எம் சுத்தத் தாமிர ஒயர். இழப்பு மூன்றில் ஒரு பங்கு வோல்ட்தான் வரும். பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 20 ஆம்பியர் மஞ்சள் பிளேடு ஃப்யூஸ், மூடியுள்ள ஹோல்டரில். அங்கிருந்து 30. 87-லிருந்து லைட். 86-க்கு ஹை பீம் சிக்னல், நடுவில் டேஷ்போர்டு ஸ்விட்ச், 0.75 ஒயர் போதும், அதற்கும் 3 ஆம்பியர் ஃப்யூஸ் ஒன்று. 85 அர்த். அர்த் போல்ட் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, ரிங் லக் வைத்து, பல் வாஷர் போட்டு முடுக்கி, மேலே கிரீஸ். பேட்டரி நெகட்டிவ் முனையில் கரன்ட்டைக் கணக்கிடும் சென்சார் உள்ள வண்டிகளில் அர்த்தை அந்த முனையில் கட்டாமல் பாடியில்தான் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் சென்சார் கணக்கு தப்பும். லக்கைப் பிளையரால் நசுக்காமல் கிரிம்பிங் டூலால் அழுத்தி, உள்ளே பசையுள்ள, சூடு காட்டினால் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட வேண்டும். வெறும் இன்சுலேஷன் டேப் இன்ஜின் சூட்டில் பசை உருகி அவிழ்ந்துவிடும். ரிலே உயரத்தில், பின்கள் கீழ் நோக்கி.

எலக்ட்ரானிக் கன்ட்ரோல் உள்ள புதிய வண்டிகளில் இன்னும் இரண்டு விஷயம். காயில் அணையும்போது எதிர்த்திசையில் நூறு வோல்ட்டுக்கு மேலும் ஒரு திடீர் வோல்டேஜ் துள்ளல் வரும். அதை அடக்க உள்ளேயே ரெசிஸ்டர் அல்லது டயோடு வைத்த ரிலே கேளுங்கள். டயோடு உள்ளதில் 86 பாசிட்டிவ், 85 அர்த் என்று மாறாமல் இருக்க வேண்டும், மாற்றிக் கொடுத்தால் டயோடு வழியாக நேர் ஷார்ட். அடுத்து, பகலிலும் எரியும் முன்பக்க விளக்கான டிஆர்எல் ஒயரிலிருந்து சிக்னல் எடுக்க விடாதீர்கள். பல வண்டிகளில் அது விட்டுவிட்டு வரும் துடிப்பு வோல்டேஜ், ரிலே தேனீபோல ரீங்கரித்துச் சீக்கிரம் போய்விடும்.

சாவி இல்லாமலே சிக்னல் வரும் இடத்திலிருந்து காயிலுக்குக் கொடுத்தாலும் தொல்லைதான். 0.15 ஆம்பியர் ஒரு நாளைக்கு 3.6 ஆம்பியர்-ஹவர். ஸ்விட்சை அணைக்க மறந்து 10 நாள் நின்றால் 60 ஆம்பியர்-ஹவர் பேட்டரியில் பாதிக்கு மேல் காலி.

கடையில் கேட்டதற்கு, "ரிலே போட்டிருக்கோம், சத்தம் வருதே சார், வேணும்னா வேற ரிலே மாத்தித் தர்றோம்" என்றார்கள். ஒயரைப் பற்றியோ மாற்றிய ஃப்யூஸைப் பற்றியோ பேச்சே இல்லை, பணமும் திரும்பவில்லை. இப்படி ஆனால் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதியலாம். சரிவராவிட்டால் 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் சேவைக் குறைபாடு என்று வழக்குத் தரலாம், கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை. அதற்கு "ப்யூர் காப்பர், 40 ஆம்பியர்" என்று எழுதிய பில் வேண்டும், வாய்வார்த்தையும் வெறும் "ஒயரிங் சார்ஜ்" என்ற ஒரு வரியும் உதவாது. பிரிப்பதற்கு முன் ஜம்பர், மாற்றிய ஃப்யூஸ், கருகிய கப்ளர், மீட்டர் காட்டும் எண் எல்லாவற்றையும் அந்தந்த இடத்தில் வைத்தே படமெடுங்கள். கழற்றிய ரிலேயையும் சுரண்டிய ஒயரையும் கடையில் திருப்பிக் கொடுத்துவிடாமல் ஒரு கவரில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.