பியானோ இணைய வகுப்பு: நேரலையா, பதிவா, மிடியா?

மாணவரின் கையைத் திருத்த நேரலைக்கு ஈடில்லை. மணிக்கட்டு இறங்குவதும் சுண்டுவிரல் படுத்துக்கொள்வதும் கண்ணில் படும், அந்த நொடியே நிறுத்திச் சொல்லலாம். கேமரா பக்கவாட்டில், கட்டைகளுக்கு ஒரு சாண் மேலே, முழங்கையும் விரல்நுனியும் ஒருசேரத் தெரியும்படி இருக்கட்டும்.

ஆனால் நேரலையில் காதை நம்ப முடியாது. ஜூம் போன்ற செயலிகள் பேச்சுக்காக அமைந்தவை. ஒலியை நீட்டிக்கும் பெடலை மிதித்து ஒரு கார்டை (ஒருசேர ஒலிக்கும் சுரங்களை) நீளப் பிடித்தால், மெல்ல அடங்கும் அந்த ஒலியை மின்விசிறி இரைச்சலாக எடுத்துக்கொண்டு வெட்டிவிடும். பெடல் மாற்றாமல் சுரங்களைக் குழப்பும் மாணவரின் வாசிப்புகூட ஆசிரியருக்குச் சுத்தமாகவே கேட்கும்! ஜூமில் 'ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்' வசதியைப் போட்டு, எதிரொலி நீக்கத்தை அணைத்தால் பெருமளவு சரியாகும். அப்போது மாணவர் ஒரு காதிலாவது ஹெட்போன் மாட்டியாக வேண்டும். இல்லையேல் ஆசிரியரின் குரல் அவருக்கே திரும்பி வரும். ப்ளூடூத் வேண்டாம், அது தாமதத்தைக் கூட்டும். இணையத் தாமதம் எப்படியும் இருப்பதால் சேர்ந்து வாசிக்க முயலாதீர்கள். தாளம் தட்டும் மெட்ரோனோம் மாணவர் பக்கமே ஓடட்டும்.

பெடலையும் நாதத்தையும் எடைபோட, மாணவர் வாசித்து அனுப்பும் பதிவுதான் சரி. போனைப் பியானோ மேல் வைத்தால் அதிர்வும் சேர்ந்து பதிவாகும். ஒன்றரை மீட்டர் தள்ளி வையுங்கள். வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்பினால் தரம் குறையாது. பத்து முறை எடுத்து நல்லதை மட்டும் அனுப்பும் பழக்கம்தான் இதன் பெரிய கேடு, தடுமாறும் இடம் ஆசிரியருக்குத் தெரியாமலே போகும். முதல் பதிவையே கேட்டு வாங்குங்கள்.

மிடி (MIDI) என்பது மின்னணு இசைக்கருவிகள் தகவல் பரிமாறிக்கொள்ள 1983-இல் வந்த முறை. அது ஒலியை அனுப்புவதில்லை. எந்தக் கட்டை, எப்போது, எவ்வளவு வேகமாக இறங்கியது, பெடல் எப்போது மிதிபட்டது போன்ற தகவல்களை மட்டுமே அனுப்பும். வேகத்துக்கு 127 வரை எண் உண்டு, எண் கூடினால் ஒலியும் கூடும். இடக்கை 80, வலக்கை 60 என்று வந்தால் வலக்கையின் மெலடி ஏன் மூழ்குகிறது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. ஆனால் மாணவரிடம் மிடி வசதியுள்ள டிஜிட்டல் பியானோ வேண்டும். தொடு உணர்வில்லாத கீபோர்டு எல்லாக் கட்டைக்கும் ஒரே எண்ணைத் தரும். சாதாரண ஸ்விட்ச் பெடலில் அரைப் பெடல், அதாவது பாதி மட்டும் மிதிப்பது, பதிவாகாது. கை எப்படி இருந்தது என்பதும் தெரியாது.

தொடக்க மாணவருக்கு நேரலை போதும். பெடல் உள்ள பாடல்கள் வந்ததும், வகுப்புக்கு முந்தைய நாளே இரண்டு நிமிடப் பதிவை வாங்கிக் கேட்டுவிடுங்கள். வகுப்பு நேரம் முழுவதும் கைகளுக்குக் கிடைக்கும். இரு கைகளின் அழுத்தம் தீராத சிக்கலாக நின்றால் மட்டும் மிடி.